பவர் எந்தச் சில்லுக்குப் போகுது, அப்பா?

டிசம்பர் எபிசோட்டில் நான் ஒரு வசனம் சொன்னேன்: "ஓப்பன் டிஃபரென்ஷியல் என்றால் பவர் எல்லாம் வழுக்குற சில்லுக்குத்தான் போகும்." ஒருத்தரும் திருத்தவில்லை. எல்லாரும் அப்படித்தானே சொல்லுறது. ஆனால் அதை அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். இப்ப அதை வைத்தே காரை மாத்தப் போகிறார்.

எங்களுடையது 2009ஆம் ஆண்டுக் கார். எஞ்சின் இழுப்பது முன்சில்லு இரண்டையும்தான். ட்ராக்ஷன் கண்ட்ரோல் கிடையாது. ஸ்காபரோவில் எங்கள் டிரைவ்வே கொஞ்சம் மேடு. ஜனவரியில் ஒரு காலை இடது முன்சில்லு ஐஸில், வலது முன்சில்லு நான் சுரண்டி உப்புப் போட்ட தாரில். இடது சில்லு விசிறி மாதிரிச் சுத்துது, கார் அசையவில்லை. "பாத்தியே பிள்ளை, நீ சொன்னதுதான். இதை வித்துப்போட்டு ஓல்-வீல் ட்ரைவ் எடுப்பம்" என்றார்.

என் வசனம் பாதிதான் சரி. மற்றப் பாதிக்குத்தான் இப்ப காசு செலவாகப் போகிறது.

டிஃபரென்ஷியல் ஏன் வேண்டும்? ஒரு சந்தியில் 90 பாகை திரும்பினால், வெளிப்பக்கச் சில்லு உள்பக்கச் சில்லைவிட 2 மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓட வேண்டும். இரண்டையும் ஒரே கம்பியில் பூட்டினால் ஏதாவது ஒன்று தேய்ந்து இழுபடும். (1937இல் செவ்ரலேக்காக ஜாம் ஹேண்டி எடுத்த 'அரவுண்ட் த கார்னர்' என்ற குறும்படத்தைப் பாருங்கள். இதை விளக்க அதைவிட நல்லது நான் இன்னும் பார்க்கவில்லை.) நடுவில் இருக்கும் சின்னப் பற்சக்கரங்கள் இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுத்த விடுகின்றன. ஆனால் முறுக்கு விசையை எப்போதும் சரிபாதியாகத்தான் பிரிக்கின்றன. ஓரவஞ்சனையே இல்லை.

பிரச்சினையும் அங்கேதான். திறந்து கிடக்கும் கதவை உங்களால் பலமாகத் தள்ள முடியுமா? எதிர்த்து நின்றால்தானே தள்ளலாம். ஐஸில் நிற்கும் சில்லு 100 நியூட்டன் மீட்டர்தான் தாங்கும் என்று வையுங்கள். தாரில் நிற்பது 1000 தாங்கும். ஆனாலும் அதற்குக் கிடைப்பது அதே 100தான். மொத்தம் 200. மேட்டில் ஏற அது காணாது. பவர் என்பது முறுக்கு விசையும் வேகமும் பெருகி வருவது. நின்ற சில்லுக்கு வேகம் பூச்சியம், ஆகவே பவரும் பூச்சியம். "பவர் வழுக்குற சில்லுக்குப் போகுது" என்பது அந்தக் கணக்கில் உண்மை. ஆனால் கார் நகராததற்குக் காரணம், நல்ல சில்லிடமிருந்து எதையோ பறித்துக் கொடுத்தது அல்ல.

இதை விளங்கிக்கொண்டால் வைத்தியமும் விளங்கும்: வழுக்குற பக்கத்தைப் பிடிக்க வையுங்கள். அன்று ஐஸ் சில்லுக்குக் கீழே பழைய கால்மிதியைச் செருகினோம். அந்தப் பக்கம் கூடிய ஒவ்வொரு நியூட்டன் மீட்டரும் மற்றப் பக்கத்திலும் கூடியது. கார் ஏறிவிட்டது. ட்ராக்ஷன் கண்ட்ரோல் செய்வதும் இதேதான், கால்மிதிக்குப் பதில் பிரேக். வழுக்குற சில்லில் 300 நியூட்டன் மீட்டர் பிரேக் பிடித்தால் அந்தப் பக்கம் 400 தேவை. மற்றப் பக்கத்துக்கும் 400 போகும்.

ஆகவே என் கருத்து: ரொறன்ரோ ரோட்டுகளுக்காக மட்டும் ஓல்-வீல் ட்ரைவுக்குக் கூடக் காசு கொடுக்க வேண்டாம். முதலில் வின்டர் ரயர். ஓல்-வீல் கார்கள் பலவற்றில் முன்னும் பின்னும் இருப்பது இதே ஓப்பன் டிஃபரென்ஷியல்தான். அது புறப்பட உதவும், சிவப்பு லைட்டில் நிற்க உதவாது. நிற்பது நாலு ரயரும் ரோட்டைப் பிடிப்பதால். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 முதல் அதற்கு இன்சூரன்ஸில் கழிவு கொடுத்தே ஆக வேண்டும். அம்மா விடிய 5 மணிக்கு வேலைக்கு ஓட்டிப் போகிற கார் இது. எனக்கு அது புறப்படுவதைவிட நிற்பதுதான் கவலை.

செங்குத்தான மலைப்பாதையில் வீடு உள்ளவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம், நியாயம்தான்.

சனிக்கிழமை டீலரிடம் போகிறோம். தம்பியின் பழைய லெகோ டெக்னிக் டிஃபரென்ஷியலைப் பையில் வைத்திருக்கிறேன். ஒரு சில்லை அப்பா விரலால் பிடிக்கட்டும், மற்றதை நான் சுத்தவிடுகிறேன். போகிற வழியில் ஒரு ரயர் கடையும் இருக்கிறது.