வடிவம் மட்டும் உயிருக்குச் சாட்சி அல்ல

1896-இல் ஜெர்மானியர் ராஃபேல் லீசகாங், பொட்டாசியம் டைகுரோமேட் கலந்த ஜெலட்டின் படலத்தின் மேல் சில்வர் நைட்ரேட் கரைசலைத் துளியாக விட்டார். செந்நிற வீழ்படிவு திட்டாகப் பரவவில்லை. ஒன்றையொன்று சூழ்ந்த வளையங்களாகப் படிந்தது. மறு ஆண்டே வேதியியலாளர் ஆஸ்ட்வால்ட் காரணம் சொன்னார்: ஊடுருவிச் செல்லும் அயனிகள் ஓரிடத்தில் அதிதெவிட்டிய நிலையைத் தாண்டியதும் வீழ்படிவு உண்டாகிறது, அது அக்கம்பக்கத்து உப்பை இழுத்துக்கொள்வதால் அடுத்த பகுதி வெறுமையாகிறது, அதைக் கடந்த பிறகுதான் அடுத்த வளையம். நுணுக்கங்களில் விவாதம் தொடர்ந்தாலும், ஒழுங்கான கோலம் உருவாக உயிர் தேவையில்லை என்பது அன்றே தெளிவாகிவிட்டது. வேற்றுக்கோள் உயிர் பற்றிய பரபரப்புச் செய்திகளில் இந்தப் பழைய பாடம்தான் காணாமல் போகிறது.

பூமியிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் சுமார் 346 கோடி ஆண்டுப் பழமையான பாறையில் தெரிந்த நுண்ணிழைகளை 1993-இல் தொல்லுயிரியலாளர் வில்லியம் ஷாஃப் நுண்ணுயிர்ப் புதைபடிவங்கள் என்றார். 2002-இல் மார்ட்டின் பிரேசியர் குழு அதை மறுத்தது. அடுத்த ஆண்டு கார்சியா-ரூயிஸ் குழு, சிலிக்கா கலந்த காரக் கரைசலில் பேரியம் கார்பனேட்டைப் படியவைத்து, அதே தோற்றமுள்ள வளைந்த இழைகளை ஆய்வகத்திலேயே வளர்த்துக் காட்டியது. உயிரிடமிருந்து வராத கரிமச் சேர்மங்களையும் அவை ஈர்த்துக்கொண்டன. ஆகவே, வடிவத்தோடு கரிமம் சேர்ந்திருப்பதும் போதிய சான்றல்ல. ஆய்வகத்தில் வலிந்து செய்தது இயற்கையில் நடக்குமா என்று கேட்பது நியாயமே. 2017-இல் கார்சியா-ரூயிஸ் குழுவால், கலிபோர்னியாவின் நே ஊற்றிலிருந்து எடுத்த சிலிக்கா மிகுந்த காரநீரிலும் இத்தகைய அமைப்புகளை வளர்க்க முடிந்தது. பழைய பூமியில் அத்தகைய நீர் அரிதாக இருந்தது என்று கருத வலுவான காரணம் இல்லை.

இப்படிச் சந்தேகித்தால் உயிரை எங்குமே கண்டறிய முடியாது என்பார்கள். அதை ஏற்கமாட்டேன். எந்த இடத்தில் தோண்டுவது, எதை நுண்ணோக்கியில் வைப்பது என்று காட்ட வடிவம் மிகவும் பயன்படும். ஆனால், கார்பன் ஐசோடோப்பு விகிதம், மூலக்கூறுகளின் தன்மை, பாறை படிந்த சூழல் ஆகியவையும் ஒரே திசையில் நிற்க வேண்டும். உயிரற்ற வேதியியலால் மட்டும் அத்தகைய தடயம் உருவாகாது என்பதையும் சோதித்துக் காட்ட வேண்டும். 2024-இல் பெர்சிவரன்ஸ் ஊர்தி செவ்வாயின் ஜெசரோ பள்ளத்தில் கண்ட புள்ளிப் பாறையை நாசா ‘சாத்தியமான உயிர்த்தடயம்’ என்று மட்டும் சொன்னது; அது சரியான நிதானம். அந்தப் பாறையிலிருந்து துளைத்தெடுத்த மாதிரி இன்னும் பூமிக்கு வரவில்லை. அது வந்து சோதிக்கப்படும்வரை, ‘செவ்வாயில் உயிர்’ என்று தலைப்பிட வேண்டாம் என்று செய்தியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.