ஜாதிக்காய்ப் பொட்டலமும் கண்ணாடித்தாள் கூடையும்

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு வரும் சிறப்பு விருந்தினர்களுக்கு என்ன கொடுப்பது? எங்கள் செயற்குழுக் கூட்டத்தில் இந்தக் கேள்வி எழுந்தபோது ஐந்தே நிமிடத்தில் முடிவெடுத்துவிட்டோம். பேரங்காடியில் விற்கும் அன்பளிப்புக் கூடை! கண்ணாடித்தாள் சுற்றி, ரிப்பன் கட்டி, உள்ளே உலர்ந்த திராட்சை, பேரீச்சை, ஆப்ரிகாட். கை உயர்த்தி ஆதரித்தவர்களில் நானும் ஒருவன்.

அப்போது என் பையில் ஒரு பொட்டலம் இருந்தது. பினாங்கிலிருந்து புறப்பட்டபோது, "ஒங்க வாத்தியாருக்குக் குடுய்யா" என்று பாட்டி கொடுத்தனுப்பிய உலர்ந்த ஜாதிக்காய். அதை வெளியே எடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஜாதிக்காயின் தாயகம் இந்தோனேசியாவின் பண்டா தீவுகள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அதைப் பினாங்குக்குக் கொண்டுவந்தது. சிங்கப்பூரின் ஆர்ச்சர்ட் சாலையும் ஒரு காலத்தில் ஜாதிக்காய்த் தோட்டங்கள் நிறைந்த இடமே. 1850களில் பரவிய நோய் அவற்றை அழித்தது. பினாங்கின் பாலிக் புலாவ் வட்டாரத்தில் இன்றும் அம்மரங்கள் காய்க்கின்றன.

நம் சமையலறை அறிந்தவை கொட்டையும் அதைச் சுற்றியிருக்கும் ஜாதிபத்திரியும்தான். பாட்டி எடுத்துக்கொள்வது அவற்றுக்கு வெளியே உள்ள தடித்த சதையை. பச்சையாகக் கடித்தால் புளிப்பும் துவர்ப்பும் நாக்கைப் பிடிக்கும். தோலைச் சீவி, மெல்லியதாக நறுக்கி, உப்பு நீரில் ஊற வைப்பார். துவர்ப்பு குறைந்ததும் கழுவிப் பிழிந்து சீனியில் புரட்டி வைப்பார். சதையிலுள்ள நீரைச் சீனி வெளியே இழுத்துவிடும். அதன் பிறகு வெயில். காலையில் தட்டை வெளியே வைப்பதும், கருமேகம் கண்டால் ஓடிப்போய் எடுப்பதுமாக நாட்கள் கழியும். நீர் வற்றிய பண்டத்தில் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது. உலர்த்தலின் சூட்சுமம் இவ்வளவுதான். திராட்சைக்கும் இதே கதைதான். ஏறத்தாழ 4 கிலோ பழம் உலர்ந்தால்தான் 1 கிலோ உலர்ந்த திராட்சை கிடைக்கும்.

நம் வீடுகளிலும் மாங்காய் வற்றல் போடுகிறோம். மோர் மிளகாய் காய வைக்கிறோம். அவை ஏழை வீட்டுப் பண்டம்; கூடையில் இருப்பது மட்டும் கௌரவப் பரிசு! இரண்டையும் வற்ற வைத்தது ஒரே வழிமுறைதானே? ஆப்ரிகாட்டின் பளிச்சென்ற செம்மஞ்சள் நிறம் கந்தக டைஆக்சைடு தரும் காவல். அது சேர்க்காவிட்டால் அந்தப் பழமும் பாட்டியின் ஜாதிக்காய் போலப் பழுப்பாகத்தான் இருக்கும். நாம் மதிப்பது பழத்தையா, பளபளப்பையா?

கூடை வாங்குவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. தேர்வுக் காலத்தில் எந்த மாணவர் தட்டை வெயிலில் வைத்துக் காத்திருப்பார்? நியாயமான கேள்வி. செய்ய நேரமில்லாதவர்கள் செய்பவர்களிடம் வாங்கலாமே! ஒவ்வோர் உறுப்பினரின் ஊரிலும் வற்றலோ பலகாரமோ செய்து விற்கும் ஓர் அம்மா இருப்பார். கூடைக்குப் போகும் பணம் அவர் கைக்குப் போகட்டும். யார் செய்தது, எப்படிச் செய்தது என்று தமிழில் இரண்டு வரி எழுதிப் பொட்டலத்தோடு வைப்போம். வாங்குபவருக்கு அதில் ஒரு முகம் தெரியும்.

என் பொட்டலம் என்னவாயிற்று? விடுதி அறையில் நண்பர்களோடு தின்று தீர்த்துவிட்டேன். அந்த வாரக் கடைசியில் பாட்டி தொலைபேசியில் கேட்டார்: "வாத்தியாரு என்னய்யா சொன்னாரு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொன்னாரு பாட்டி" என்றேன்.

மறுமுனையில் அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இன்னொரு பொட்டலம் கேட்டு வாங்கி வரப்போகிறேன். அந்தப் பொய்யை உண்மையாக்க வேண்டும். செயற்குழுவில் அடுத்த தீபாவளிப் பரிசு பற்றிய பேச்சு எழும்போது, இந்த முறை வேறு கருத்துக்காகக் கை உயர்த்துவேன். நீங்களும் உயர்த்துவீர்களா?