சீட்டுக்கு ஞாபக சக்தி கிடையாது மாமு!

மக்காவ் கேசினோக்களில் அதிகமா பணம் புரள்றது பாக்கரா மேஜையிலதான். ஆட்டம் ரொம்ப சிம்பிள் பாஸ். 'பேங்கர்', 'பிளேயர்'னு ரெண்டு பக்கம். ஒன்பதுக்கு எது கிட்டே வருதோ, அதுக்கு ஜெயம். எதுல கட்டுறது, எவ்ளோ கட்டுறது... அவ்ளோதான் உங்க கையில. மூணாவது சீட்டு எடுக்கணுமாங்கிறதைக்கூட விதியே முடிவு பண்ணிடும்!

எட்டு கட்டுச் சீட்டு ஆட்டத்துல 100 டாலரா 100 தடவை கட்டினா, சராசரியா என்ன ஆகும்? பேங்கர்னா 106 டாலர் போகும் (ஜெயிச்சா பிடிக்கிற 5% கமிஷனையும் சேர்த்துத்தான்). பிளேயர்னா 124. 'டை'க்கு, ஒண்ணுக்கு எட்டுனு ஆசை காட்டுவாங்க. அங்கே 1,436 காலி!

மேஜை மேல மின்னுற போர்டைப் பார்த்து, பழைய ரிசல்ட்டை சின்சியரா குறிச்சுக்கிறவங்க ஏராளம். செம வேஸ்ட்! ஆறு தடவை பேங்கர் வந்தது ஏழாவது சீட்டுக்கு எப்படித் தெரியும்? தோத்தா டபுளா கட்டுற 'மார்ட்டிங்கேல்' இன்னும் டேஞ்சர். 100-ல ஆரம்பிச்சு வரிசையா ஏழு தோல்வின்னா 12,700 அவுட். எட்டாவதுக்கு 12,800 வேணும். அதை எடுத்து வெச்சாலும், மேஜையோட உச்சவரம்பு குறுக்கே நிக்கும்.

அப்படியும் உட்காருவேன்னா, பேங்கர்ல மட்டும், சின்னத் தொகையா, மெதுவா ஆடுங்க. ஏ.டி.எம். கார்டை ஹோட்டல் ரூம்லயே வெச்சுட்டுப் போங்க.