வாலைப் பிடித்தால் வார்த்தை வரும்

பிரெஞ்சு படிக்கக் கிளம்புகிறவர்களை இரண்டாவது வாரமே விரட்டியடிப்பவை அதன் நீளமான பெயர்ச்சொற்கள்தான். 'பறவைகள்' என்பதற்கு அவர்கள் ஏழு எழுத்து எழுதுகிறார்கள். வாயைத் திறந்தால் 'வா-ஸோ'. அவ்வளவுதான்! இந்த லட்சணத்தில் இருபது எழுத்துச் சொல் எதிரே வந்து நின்றால்?

பயப்படாதீர்கள். நம்மைத் தடுக்கி விழ வைப்பது பிரெஞ்சு அல்ல, இங்கிலீஷ் என்பது என் கட்சி. இங்கிலீஷில் ஒரு துண்டை ஓங்கி அடித்து, மற்றதை விழுங்குவார்கள். பிரெஞ்சில் எல்லாத் துண்டுக்கும் ஏறக்குறைய சம மரியாதை. கடைசித் துண்டுக்கு மட்டும் லேசாக ஒரு இழுப்பு.

துண்டு போடும் விதியும் சுலபம். தனி மெய் வந்தால் அது பின்னால் வரும் உயிரோடு போய் ஒட்டிக்கொள்ளும். நண்பன், 'அ-மி'. இரண்டு மெய் சேர்ந்து வந்தால் ஆளுக்கொரு பக்கம். கிளம்புவது, 'பார்-தீர்'. எங்கேயோ பார்த்த மாதிரி இல்லை? நம்ம உயிர்மெய்யும் புள்ளி எழுத்தும் காலங்காலமாகச் செய்கிற வேலைதான் ஸார் இது! பிரெஞ்சைத் தமிழில் எழுதினாலே பாதி பிரிந்துவிடுகிறது.

ஒரு இடத்தில்தான் உதைக்கும். ரகரமோ லகரமோ இரண்டாவதாக வந்தால் பெரும்பாலும் ஜோடியைப் பிரிக்கக் கூடாது. குடியரசு, 'ரே-பு-ப்லீக்'. நம் நாக்கு 'புப்-லீக்' என்று பிரிக்கப் பார்க்கும், அதட்டி வையுங்கள். அந்த 'பு'வும் நம்ம 'பு' இல்லை. 'இ' சொல்லிக்கொண்டே விசிலடிக்கிற மாதிரி உதட்டைக் குவிக்க வேண்டும். வீட்டில் யாரும் இல்லாதபோது பழகுவது உத்தமம்.

அப்புறம் அந்த ஊமை 'எ'. வளர்ச்சி என்ற சொல்லை எழுத்தில் ஐந்தாகப் பிரிக்கலாம்: 'தே-வெ-லொப்-பெ-மான்'. பேச்சில் மூன்றுதான்: 'தே-வ்லொப்-மான்'. நடுவிலிருந்த இரண்டு 'எ'யும் அம்பேல். ஆனால் பழைய செய்யுளில் அதே 'எ' மெய்க்கு முன்னால் வந்தால் எழுந்து உட்கார்ந்து கணக்கில் சேரும். நம்ம குற்றியலுகரத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த இருபது எழுத்துப் பூதம். 'சர்வதேசமயமாக்கல்' என்று பொருள். முன்னாலிருந்து படித்தால் மூச்சு முட்டும். வாலைப் பிடியுங்கள். ஸ்யோன். ஸா-ஸ்யோன். லி-ஸா-ஸ்யோன். நா-லி-ஸா-ஸ்யோன். இப்படியே பின்பக்கமாக ஏறி வந்தால்: ஏன்-தேர்-நா-ஸ்யோ-நா-லி-ஸா-ஸ்யோன். எட்டே துண்டு! முதல் 'ன்'னும் கடைசி 'ன்'னும் மூக்கோடு சரி. நாக்கு மேலே தொடக் கூடாது. 'ஸா'வில் கொஞ்சம் வண்டு ரீங்காரம். வாலிலிருந்து ஏறுவதில் ஒரு லாபம், இழுக்க வேண்டிய கடைசித் துண்டுதான் அதிகம் பழகியிருக்கும்.

கூச்சம்தான் நிஜமான எதிரி. தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று முணுமுணுப்பவருக்கு எந்த பாஷையும் வராது. துண்டு துண்டாக, சத்தமாகச் சொல்லுங்கள்.

தைரியசாலிகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். பெயர்ச்சொல் இல்லை, வினையைச் சார்ந்தது, 25 எழுத்து, நீளத்துக்கே பேர் போனது. ஆன்-தி-கோன்ஸ்-தி-து-ஸ்யோ-நெல்-மான். இதுவும் எட்டே துண்டு. அர்த்தம், 'அரசியல் சட்டத்துக்கு விரோதமாக'. உச்சரிப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.