இரு கையேடுகளும் ஓர் எழுத்துக் கணக்கும்

ஹைதராபாத் நகரின் அமீர்பேட் வட்டாரத்தில், மைத்ரிவனம் கட்டடத்தைச் சூழ்ந்த தெருக்களில், கணிப்பொறிப் பயிற்சி நிலையங்கள் நெருங்கி அமைந்துள்ளன. சிற்றூர்களிலிருந்து வரும் இளைஞர் பலர் சில மாதங்கள் அங்குத் தங்கிப் பாடம் கேட்கின்றனர். வகுப்புக் குறிப்புகள் போட்டோஸ்டாட் கடைகளில் நகலெடுக்கப்பட்டு விற்பனையாவது அவ்வட்டாரத்தில் அனைவரும் அறிந்த வழக்கம். மூலக் கையேடு ஆங்கிலத்தில் இருக்க, தாய்மொழியில் பயின்று வந்த மாணவனுக்கு அத்தாள்கள் கைகொடுக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் நகலெடுத்த தாளுக்கு ஒரு குறை உண்டு. மூலம் மாறினாலும் தாள் மாறுவதில்லை.

இக்குறையின் விளைவுக்கு ஓர் உதாரணம் போதும். பி.எச்.பி. மொழியிலிருந்து தரவுத்தளத்தோடு தொடர்பு கொள்வதற்கென ஏற்பட்ட பழைய மைஎஸ்கியூஎல் செயற்கூறுகள், 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த 5.5-ஆம் பதிப்பில் கைவிடத்தக்கவை என அறிவிக்கப்பட்டன. 2015 டிசம்பரில் வெளிவந்த 7.0-ஆம் பதிப்பில் அவை அறவே நீக்கப்பட்டன. அவற்றைக் கற்பிக்கும் பழைய குறிப்பைக் கொண்டு எழுதிய நிரல் இன்றைய பதிப்பில் இயங்காது. ஆகவே மாணவனை மூலக் கையேட்டின் முன் கொண்டு நிறுத்துவது ஆசிரியரின் கடமையாகிறது. எக்கையேடு எவ்வகையில் உதவும் என்பதே அடுத்து எழும் வினா.

வலைத்தளப் பணிக்குப் பெரிதும் வழங்கும் மொழிகளுள் பி.எச்.பி.யும் ஜாவாஸ்கிரிப்டும் குறிப்பிடத்தக்கவை. இரண்டும் 1995-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிமுகமாயின. முன்னதை ராஸ்மஸ் லெர்டோர்ஃப் உருவாக்கினார். பின்னதை நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் உருவாக்கினார். பி.எச்.பி. பெரும்பாலும் வழங்கிக் கணிப்பொறியில் இயங்குவது. ஜாவாஸ்கிரிப்ட் பெரும்பாலும் வாசகரின் உலாவியில் இயங்குவது. தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்புகளுக்கென 2018, 2019-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த கணினிப் பயன்பாடுகள் பாடநூல்களில், பதினோராம் வகுப்பில் ஜாவாஸ்கிரிப்டும் பன்னிரண்டாம் வகுப்பில் பி.எச்.பி.யும் இடம்பெற்றன. பி.எச்.பி.க்கு அதன் அமைப்பாளரே இணையத்தில் பேணும் கையேடு உண்டு. ஜாவாஸ்கிரிப்டுக்குப் பெரிதும் நாடப்படுவது, மொசில்லா அமைப்பு 2005-இல் தொடங்கிய எம்.டி.என். என்னும் கையேடாகும்.

இவ்விரண்டையும் ஒப்புநோக்க எளிய சோதனை ஒன்று உண்டு. 'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் என்று வினவினால், தொடக்கப் பள்ளிச் சிறுவனும் மூன்று என்பான். பி.எச்.பி.யில் நீளத்தைக் கூறும் ஸ்ட்ர்லென் என்னும் செயற்கூறு, யூ.டி.எஃப்-8 முறையில் எழுதிய அச்சொல்லுக்குப் பதினைந்து என விடை தரும். ஜாவாஸ்கிரிப்டின் லெங்த் என்னும் பண்போ ஐந்து என்று தரும். தெலுங்கு எழுத்தில் 'தெலுகு' என எழுதினால் எழுத்து மூன்றே. விடைகளோ முறையே பதினெட்டும் ஆறும்.

இங்குக் கருவி பிழை செய்யவில்லை. யூனிகோடு முறையில் 'மி' என்பது மகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என இரு குறிகளாகப் பதிவாகிறது. 'ழ்' என்பதும் அவ்வாறே. இவ்வாறு 'தமிழ்' ஐந்து குறிகளாகிறது. ஒவ்வொரு குறியும் யூ.டி.எஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளைக் கொள்வதால் பதினைந்தாகிறது. பி.எச்.பி. பைட்டுகளை எண்ணுகிறது, ஜாவாஸ்கிரிப்ட் யூ.டி.எஃப்-16 அலகுகளை எண்ணுகிறது. எழுத்தை எண்ணுவது இரண்டும் அன்று.

இதனைக் கற்பவனுக்கு உணர்த்தும் முறையில்தான் கையேடுகள் வேறுபடுகின்றன. பி.எச்.பி. கையேடு, இச்செயற்கூறு பைட்டுகளையே எண்ணும், எழுத்துகளை அன்று எனச் சுருங்கக் கூறி அமைகிறது. விஷயம் அறிந்தவருக்கு அது போதும். எம்.டி.என். கையேடோ, அலகு என்பது யாது, எண்ணிக்கை ஏன் மாறுகிறது, வாசகர் கண்ணுக்குத் தெரியும் எழுத்தையே எண்ண வேண்டின் இன்டெல் செக்மென்டர் என்னும் கருவியை நாடலாம் என்பவற்றை அங்கேயே விளக்குகிறது. பி.எச்.பி.யிலும் கிராபீம் ஸ்ட்ர்லென் என்னும் செயற்கூறு மூன்று என்ற விடையைத் தரும். ஆனால் அதன் தேவையை முன்னரே உணர்ந்தவரே அதனைத் தேடிச் செல்வர்.

இது வெறும் ஏட்டு விவாதம் என்று கருதுவோர், களப் பணியாளர் பதிவு செய்யும் பெயர்ப் பட்டியலை எண்ணிப் பார்த்தல் நலம். பெயருக்கு இருபது பைட்டு இடம் ஒதுக்கி, மிகுதியை வெட்டிவிடும்படி ஒருவர் நிரல் எழுதினார் எனக் கொள்வோம். ஆங்கிலப் பெயருக்கு அது தாராளம். 'முத்துலட்சுமி' என்னும் பெயரோ முப்பத்தொன்பது பைட்டுகள். இருபதில் வெட்டினால் 'முத்து' என்பது மட்டும் நின்று, அதன்பின் படிக்கவியலாத சிதைகுறி ஒன்று தோன்றும். உதவிக்கு உரிய பெண் ஏட்டில் ஆடவராகிவிடக்கூடும். பின்னர்ப் பெயர் பொருந்தவில்லை என்று அலைக்கழியப்போகிறவர் அவரேயன்றி, கையேட்டின் ஒரு வரியைப் படியாது விட்டவர் அல்லர்.

பிழை திருத்தும் வழியிலும் வேற்றுமை உண்டு. பி.எச்.பி. கையேட்டின் பக்கங்களின் அடியில் பயனாளர் தம் அனுபவக் குறிப்புகளைச் சேர்க்கலாம். அனுபவசாலியின் குரல் அங்கு நேரே ஒலிப்பது அதன் சிறப்பு. ஆயினும் பல ஆண்டுகளுக்கு முந்தைய யோசனை புதிய பாடத்தின் கீழ் நின்றுவிடுவதும் உண்டு. புதியவன் எது செல்லும், எது செல்லாது என அறியான். எம்.டி.என். கையேட்டில் அடிக்குறிப்பு முறை இல்லை. எவரும் திருத்தம் முன்வைக்கலாம். 2020 டிசம்பர் முதல் அத்திருத்தம் கிட்ஹப் தளத்தில் பரிசீலிக்கப்பட்டு மூலப் பாடத்திலேயே கலந்துவிடுகிறது. பி.எச்.பி. கையேட்டின் மூலத்திற்கும் இத்தகைய வழி உண்டு எனினும், பழைய குறிப்புகள் அருகிலேயே தொடர்கின்றன. திருத்தச் சீட்டுகள் ஒட்டி ஒட்டித் தடித்துப்போன அலுவலகக் கையேட்டையும், திருத்தி மறுபதிப்புச் செய்த கையேட்டையும் கையாண்டவர்களுக்கு இவ்வேற்றுமை நன்கு விளங்கும்.

ஆகவே கற்பிப்பதற்கு எம்.டி.என். முறையும், கற்றவர் விரைந்து பார்ப்பதற்குப் பி.எச்.பி. முறையும் ஏற்றவை எனலாம். ஆயினும் ஒரு குறை இரண்டிற்கும் பொது. ஜப்பானிய, பிரெஞ்சு, ரஷ்ய மொழிகளில் இவ்விரு கையேடுகளும் கிடைக்கின்றன. தமிழிலோ தெலுங்கிலோ கிடைப்பதில்லை. அமீர்பேட் நகல் தாள்கள் செழிப்பதற்கு இவ்வின்மையும் ஒரு காரணம். தாளை விற்பவரையோ வாங்குபவரையோ பழிப்பதில் பயனில்லை.

இரு கையேடுகளும் பெயர் குறிப்பிட்டு மொழிபெயர்த்து வழங்க இடமளிக்கும் உரிமத்துடன் வெளியிடப்படுகின்றன. முழுக் கையேட்டையும் ஒருங்கே பெயர்க்க முற்படுவது பெருஞ்செயல். பள்ளிப் பாடத்தில் வரும் செயற்கூறுகளின் பக்கங்களை மட்டும், பதிப்பு எண்ணும் பெயர்த்த நாளும் தலைப்பில் குறித்து, ஆசிரியர்கள் பகிர்ந்துகொண்டு பெயர்த்தல் இயலக்கூடியதே. நீளம் எண்ணும் பக்கத்திலிருந்து அப்பணியைத் தொடங்குவது பொருத்தமாகும். தன் பெயரில் எத்தனை எழுத்துகள் என்பதைக் கருவியிடம் பிழையின்றிக் கேட்டறியும் மாணவன், நாளை பிறர் பெயரையும் சிதையாமல் காப்பான்.