டேப் இருக்கு, ஓட்டுற மெஷின் எங்கே?

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 2025-ல் ஒரு ஸ்டோர் ரூமைச் சுத்தம் செய்தபோது பழைய காந்த டேப் சுருள் ஒன்று கிடைத்தது. உள்ளே இருந்தது 1973-ல் பெல் லேப்ஸ் உருவாக்கிய யூனிக்ஸின் நான்காம் பதிப்பு. உங்க போன்ல ஓடுற ஆண்ட்ராய்டோ ஐஓஎஸ்ஸோ, ரெண்டுக்கும் அது பாட்டன் முறை. அந்தப் பதிப்பின் முழுப் பிரதி வேறெங்கும் மிஞ்சியிருக்கவில்லை.

கொரியரில் போடாமல், கலிஃபோர்னியாவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அதைக் காரிலேயே கொண்டுபோனார்கள். டிசம்பரில் தரவு வெளியே வந்துவிட்டது.

எப்படி எடுத்தாங்க? டேப்பில் ஒன்பது தடங்கள். எட்டில் தரவு, ஒன்றில் பிழை சரிபார்ப்பு. சாதாரண டிரைவ் என்றால், ஓடும்போதே 'இது 0, இது 1' என்று முடிவு செய்துவிடும். சிக்னல் மங்கியிருந்தால் தப்பாகவும் முடிவு செய்யும். அதனால் இங்கே காந்தத் தலையிலிருந்து வரும் அலையை அப்படியே பதிவு செய்துகொண்டார்கள். 0 எது, 1 எது என்பதைப் பிறகு மென்பொருள் பார்த்துக்கொள்ளும். சரியா வரலையா, செட்டிங்கை மாத்தித் திரும்பப் பார்க்கலாம். நொந்துபோன டேப்பை மறுபடி மறுபடி ஓட்ட வேண்டியதில்லை.

எல்லா டேப்புக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. அப்போலோ 11 நிலவிலிருந்து அனுப்பிய மூலப் பதிவுகளைத் தேடித் தேடி, 2009-ல் நாசா ஒரு முடிவுக்கு வந்தது: டேப் தட்டுப்பாட்டில் அவற்றை அழித்து, மேலேயே வேறு எதையோ பதிந்திருக்க வேண்டும். ஆம்ஸ்ட்ராங் இறங்கிய டேப்புக்கே இந்த கதி!

அதே நாசாவில் இன்னொரு கதை. 1966-67-ல் நிலவைப் படமெடுத்த லூனார் ஆர்பிட்டர் டேப்களைத் தூக்கிப்போட விடாமல் காத்தவர் நான்சி எவன்ஸ் என்ற ஊழியர். அதைவிடப் பெரிய காரியம், அவற்றை ஓட்டும் ஆம்பெக்ஸ் மெஷின்களையும் தன் இடத்தில் வருஷக்கணக்கில் போட்டுவைத்தார். 2007-க்குப் பிறகு ஒரு குழு, மூடிக்கிடந்த மெக்டொனால்ட்ஸ் கடைக்குள் அந்த மெஷின்களை ரிப்பேர் செய்து ஓட்டியது. படங்கள் 60-களில் வெளியானதைவிடத் தெளிவாக வந்தன. மெஷின் இல்லையென்றால் அந்த டேப் வெறும் பிளாஸ்டிக்தான்.

நம்ம ஊருக்கு வருவோம். யூனிக்ஸ் நான்காம் பதிப்பு வந்த அதே 1973-ல்தான் சென்னை ஐஐடிக்கு ஜெர்மன் உதவியில் ஐபிஎம் 370 கணினி வந்தது. அப்புறம் வங்கி, மின்வாரியம், பொதுத்துறை என்று டேப் பரவியது. மெஷின் பழசானால் இங்கே என்ன நடக்கும்? கணக்கிலிருந்து கழித்து, ஏலம் விட்டு, காயலான் கடைக்கு அனுப்பிவிடுவோம். அலமாரியில் கிடக்கும் டேப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இதுதான் என் புகார். டேப்பில் இருப்பதை நகலெடுத்தோம் என்று ஒருவர் கையெழுத்துப் போடாமல் டிரைவை வெளியே விடவே கூடாது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமோ ஏதாவது ஒரு பல்கலைக்கழகமோ, ஓடுகிற நிலையில் நாலு பழைய டிரைவ்களை வைத்திருந்தால் போதும். அரசுக்கு இது பெரிய செலவா என்ன?

நம்ம காலநிலைக்கு அவசரமும் அதிகம். சேத்தியாத்தோப்பை எடுத்துக்கோங்க. ஒரு பக்கம் வெள்ளாறு, இன்னொரு பக்கம் வீராணம். ஐப்பசி மழையில் பீரோவில் இருக்கும் துணியே நசநசன்னு ஆகிடும். டேப்பில் காந்தத் துகளை ஒட்டிவைத்திருக்கும் பசையும் ஈரத்தை இழுக்கும். பிசுபிசுத்து, ஓட்டும்போது உரிந்து வரும். நிபுணர்கள் அப்படிப்பட்ட டேப்பைச் சுமார் 50 டிகிரியில் பல மணி நேரம் சூடாக்கி ஈரத்தை விரட்டிவிட்டு, உடனே நகலெடுப்பார்கள். வீட்டு அவனில் முயற்சி செய்யாதீங்க, ப்ளீஸ்.

அப்பா அம்மா கல்யாண கேசட் அந்த பீரோவில் இருக்குதானே? அதுவும் காந்த டேப்தான். விசிஆர் தயாரிப்பு 2016-லேயே உலகத்தில் நின்றுபோச்சு. பூஞ்சை வெள்ளையாகத் தெரிந்தால் போட்டுப் பார்க்காதீங்க, பிளேயரும் சேர்ந்து கெட்டுப்போகும். டிஜிட்டலுக்கு மாற்றித் தரும் ஸ்டூடியோக்கள் இன்னும் இருக்கின்றன. மெஷின் ஓடும்வரை இருப்பார்கள்.