காபி கோப்பையில் விற்கிற பரம்பரை

இங்கிலாந்தின் பழைய ஊர்களுக்கு முன்னோரைத் தேடிப் போகிறவர்களுக்காகவே ஒரு வியாபாரம் நடக்கிறது. குடும்பப் பெயரைச் சொன்னால் போதும், அந்தப் பெயருக்கான 'குலச்சின்னம்' அச்சடித்த காபி கோப்பை ரெடி! வாங்குகிறவரும் பிரபு வம்சத்து நினைப்போடு ஊர் திரும்புவார்.

சுத்த ஏமாற்று வேலை. அங்கே குலச்சின்னம் தனி மனிதருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது. வெறும் குடும்பப் பெயருக்கு அப்படி எதுவும் கிடையாது.

கோப்பை போனால் போகட்டும். கோளாறு ஆசையில் இருக்கிறது. பத்து தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 1024 முன்னோர். நேர் தந்தை வழியில் பெயரைத் தந்தவர் அதில் ஒரே ஒருவர். மீதி 1023 பேர் என்ன ஆனார்கள்? பெரும்பாலும் கூலிகள், வேலைக்காரிகள், கைத்தொழில் செய்தவர்கள். அவர்களைத் தேடத்தான் ஆளைக் காணோம்.

சர்ச் பதிவேடுகள் 1538-லிருந்தே இருக்கின்றனவே என்பார்கள். சரிதான். ஆனால் அவற்றில் பல இடங்களில் பெயரும் தேதியும் தவிர வேறொன்றும் இராது. வாழ்க்கை வேண்டுமானால் ஏழைகள் நிவாரணக் காகிதங்களைத்தான் புரட்ட வேண்டும். 1601 சட்டப்படி ஏழைகளைக் காப்பது அந்தந்த சர்ச் வட்டாரத்தின் பொறுப்பு. 'யார் எங்கள் ஏழை?' என்ற சண்டைக்கு 1662-ல் இன்னொரு சட்டம் வந்தது. வெளியூர்க் கூலி சுமையாகிவிடுவான் என்று தோன்றினால் நீதிபதிகள் முன் விசாரணை. எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை பார்த்தாய், எத்தனை மாதம்? ஒரு முழு வருடம் வேலை பார்த்தால் அந்த ஊரில் உரிமை வந்துவிடும். அதனாலேயே சில நாள் குறைத்து ஆள் எடுத்த பண்ணைக்காரர்களும் உண்டு! எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனிதனின் வாழ்க்கை வரலாறு, அவனை ஊரைவிட்டுத் துரத்த எழுதிய காகிதத்தில்தான் மிஞ்சியிருக்கிறது.

பழைய வறுமையைக் கிளறி என்ன லாபம் என்று கேட்கலாம். லாபம் இருக்கிறது. மணமாகாத தாயின் குழந்தைக்குப் பதிவேட்டில் அப்பா பெயர் விடுபட்டிருக்கும். செலவு தன் தலையில் விழக்கூடாது என்று ஊர் நிர்வாகம் தகப்பனிடம் எழுதி வாங்கிய பத்திரத்தில் அந்தப் பெயர் கிடைக்கலாம். கௌரவம் பார்த்து அந்தக் கிளையை வெட்டுகிறவர்கள் பலர். ஊர் ஒருமுறை விரட்டியது, பேரப்பிள்ளைகள் இரண்டாம் முறை விரட்டுகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் காகிதங்கள் எல்லா ஊருக்கும் தப்பிப் பிழைக்கவில்லை. பிழைத்தவை பெரும்பாலும் மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. கோட்டை பார்க்கப் போகுமுன் அங்கே ஒரு நாள் உட்காரலாம்.

கடைசியாக ஒன்று. 1697 சட்டப்படி, நிவாரணம் வாங்கியவரும் அவர் மனைவி மக்களும் வலது தோளில் சிவப்பு அல்லது நீலத் துணியில் 'பி' என்ற எழுத்தையும் ஊரின் முதல் எழுத்தையும் தைத்துக்கொண்டுதான் நடமாட வேண்டும். 1810 வரை சட்டத்தில் இருந்தது. ஏழைக் குடும்பங்களுக்கு இங்கிலாந்து கொடுத்த குலச்சின்னம் அதுதான். அதை யாரும் காபி கோப்பையில் கேட்டு வாங்குவதில்லை.